இரண்டாவது வரி

அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள். பெயர் வைத்தவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றாலும் அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் அதற்காக ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. கோபப்பட அவளுக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

அவள் செய்யும் வேலை இன்னதென்று வீட்டில் யாருக்கும் சொல்ல வராது. "என் மருமக கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறா" என்று அவள் மாமியார் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி, கீழ்வீட்டு மருந்துக் கடைக்காரர் தன் கடைப் பலகைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டு வந்தார். பலகையைப் பார்க்கிறவர்கள் நடந்து வருகிறார்களா, வண்டியில் வருகிறார்களா, எத்தனை பேருக்குக் கண்ணாடி, வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், மருந்து தேடி வருகிறவர் பதற்றத்தில் முதலில் எதைப் பார்ப்பார் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். பச்சையே இருக்கட்டும் என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அந்தக் கேள்விகள்தான் அவள் வேலை. சாமான் வாங்குகிற, படம் பார்க்கிற செயலிகள் பக்கம் அவள் போனதே இல்லை. மின்நிலையம், ஆய்வகம், சரக்குக் கிடங்கு, விமானம் பழுதுபார்க்கும் கொட்டகை என்று, தப்பினால் யாருக்காவது அடிபடும் இடங்களில் வேலை செய்கிறவர்கள் முன்னால் இருக்கும் திரையை வடிவமைப்பது அவள் பிழைப்பு. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

முதல் இரண்டு வாரம் ஒரு கோடுகூட வரைய மாட்டாள். நோட்டுப் புத்தகத்தோடு போய், வேலை செய்கிறவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் அவர்கள் மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள் என்பது அவள் அனுபவம். அவள் பார்ப்பது வேறு. கணினியைச் சுற்றி ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளை எண்ணுவாள். பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார்களா என்று பார்ப்பாள். பக்கத்து இருக்கைக்காரரிடம் திரும்பி எதைக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்வாள். "ஒவ்வொரு சீட்டும் நம்ம மேல எழுதின புகார். தபால்ல போடாம கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்காங்க, அவ்வளவுதான்" என்பாள்.

எளிமை என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவளுக்கு மூக்கு விடைத்துவிடும். வேலையே சிக்கலானது. அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால் சிக்கல் காணாமல் போய்விடாது. எழுந்து போய் வேலை செய்கிறவர் தலையில் உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் பாதி நண்பர்களை இழந்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய நிறுவனத்துக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை வேலை வந்தது. ஊர் முழுவதற்கும் அவசர அழைப்பு அங்கேதான் வரும். ஜன்னல் இல்லாத அறை, எட்டு இருக்கை, வருடம் முழுக்கப் பல் கிட்டிக்கிற குளிர். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். மூன்றாம் இருக்கையில் பழுப்பு ஸ்வெட்டரோடு இருந்தவரைக் கணீர் அக்கா என்றார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். குரல் அப்படி. போனின் அந்தப் பக்கம் ஒரு குடும்பமே அலறிக்கொண்டிருந்தாலும், "பதறாதீங்க. தெரு பேர் சொல்லுங்க. பக்கத்துல என்ன கடை இருக்கு?" என்று அக்கா கேட்டால் அலறல் நின்று பதில் வரும்.

கடுகு அவருக்குப் பின்னால் எட்டு நாள் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், "நீ என்னம்மா, என் முதுகுல என்ன எழுதியிருக்கு?" என்றார். மூன்றாம் நாள் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நான்காம் நாளிலிருந்து அவரே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

திரையில் காலியாக இருக்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். நோயாளிக்குக் கிட்டத்தில் இருக்கும் வண்டி முதல் வரியில், அடுத்தது இரண்டாம் வரியில் என்று இறங்கும். ஆனால் கணினிக்குத் தெரிந்த தூரம் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த தூரம். நடுவில் ஆறு ஓடுவது அதற்குத் தெரியாது. ரயில்வே கேட் மூடியிருப்பதும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். முதல் வரியில் இருக்கும் வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் அதை விட்டு இரண்டாவதை எடுப்பார். மூன்றாம் வரியில் இருப்பது ஆற்றுக்கு அக்கரையில் என்றால், திரையில் கூப்பிடு தூரமாகத் தெரிந்தாலும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரப் பதினெட்டு நிமிடம் ஆகும் என்று அதைத் தொட மாட்டார். இதையெல்லாம் யோசிக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

இன்னொன்றையும் கடுகு கவனித்தாள். அக்கா முதலில் கண்ணால் வண்டியை முடிவு செய்துவிடுகிறார். உடனே கையை வைப்பதில்லை. நாலைந்து நொடி போனில் பேசுகிறார்; கண் முகவரிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு விரல் மட்டும் தனியாகப் போய் அந்த வரியைத் தொட்டுவிட்டு வருகிறது. எட்டு இருக்கையில் ஆறு பேர் அப்படித்தான் செய்தார்கள். பழைய திரை பார்க்கச் சகிக்காது, ஆனால் அதில் பட்டியல் இருந்த இடத்தில் இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால்தான் மாறும். அதனால் யாருக்கும் தப்பியதில்லை.

அன்றைக்கே நோட்டில் எழுதினாள்: பட்டியல் தானாக நகரக் கூடாது. எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டாள்.

இனி கிளீன் சாரைச் சொல்ல வேண்டும். அவர்தான் அந்தத் தயாரிப்புக்குத் தலைமை. மேசையில் ஒரு போனைத் தவிர எதுவும் இருக்காது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. பேச்சில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தடவை, "கிளீனா இருக்கணும்" என்பார். கட்டுப்பாட்டு அறைக்கு அவர் ஒரே ஒருமுறை போனார். அதுவும் திறப்பு விழாப் படம் எடுக்க.

கடுகு வரைந்து கொண்டுபோன திரையில் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஆறு, கேட், சுற்று வழி எல்லாம் சின்ன அடையாளமாக இருந்தது. பட்டியல் நிலையாக நின்றது. ஏதாவது வண்டி போய்விட்டால் அந்த வரி இருந்த இடத்திலேயே மங்கிப்போகும், மற்றவை நகராது.

"கசகசன்னு இருக்கே" என்றார் கிளீன் சார்.

"வேலையே கசகசன்னுதான் சார் இருக்கு."

"வாங்கறவங்க முன்னாடி காட்டணும்மா. பார்த்த உடனே ஒரு ஆசை வரணும்."

அவர் இன்னொரு திரையைச் செய்யச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, அடையாளம் கிடையாது. வண்டிகள் காலியாகக் காலியாக, போகப் போக, வரிகள் தாமாக ஏறின, இறங்கின, வழுக்கிக்கொண்டு இடம் மாறின. வாங்க வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். "உயிரோட இருக்கற மாதிரி இருக்கு!" என்றார் ஒருவர். அந்த உயிர் யாருடையது என்று கேட்கக் கடுகுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

மூன்று கூட்டத்தில் சண்டை போட்டாள். தொண்டை கட்டும் அளவுக்குப் போட்டாள். "விரல் போய்ச் சேர்றதுக்குள்ள வரி மாறிடும் சார்" என்று படம் போட்டுக் காட்டினாள். நான்காவது கூட்டத்தன்று காலையில் மகளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். பள்ளியிலிருந்து மூன்றாவது போன் வந்துகொண்டிருந்தது. கிளீன் சார் ஒரு காகிதத்தை நகர்த்தினார். 'தானே நகரும் பட்டியல் ஏற்கப்பட்டது. நிறுத்தி வைக்கும் வசதி அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்.' அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள்.

அடுத்த பதிப்பு வந்தது. அதில் நீலத்தைக் கொஞ்சம் வெளிறிய நீலமாக மாற்றியிருந்தார்கள்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கட்டிய கணவனிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று கூட்டத்தில் சண்டை போட்டதை மட்டும் எல்லோரிடமும் சொன்னாள்.

புதுத் திரை வந்த நான்காம் மாதம், ஒரு மதியம் இரண்டே கால் மணிக்கு, ஒரு தையல்காரர் பக்கவாதம் வந்து கடையிலேயே சாய்ந்தார். வயது ஐம்பத்து மூன்று. அவர் மனைவியின் அழைப்பு மூன்றாம் இருக்கைக்கு வந்தது. கணீர் அக்கா எடுத்தார். ஆம்புலன்ஸ் போக வேண்டிய நேரத்தைவிடப் பதினான்கு நிமிடம் தாமதமாகப் போயிற்று. அக்கரையில் இருந்த பத்தொன்பதாம் வண்டி பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. மூன்று தெரு தள்ளி ஏழாம் வண்டி சும்மா நின்றிருந்தது. தையல்காரர் பிழைத்தார். வலது கை எழவில்லை.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை விசாரணை என்றார்கள். அதில் குற்றம் உறுதியானால் வேலை நீக்கம்.

அந்த வாரத் திங்கட்கிழமை கிளீன் சார் கடுகைக் கூப்பிட்டார். காலி மேசைமேல் ஒரே ஒரு தாள் இருந்தது.

"ஒரு சின்னக் கையெழுத்து. திரையைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவங்க போட்டா நல்லா இருக்கும்னு விசாரணை பண்றவங்க கேக்கறாங்க."

அவள் படித்தாள். 'செயலி குறையின்றி இயங்கியது. இருக்கை மூன்றில் பணியில் இருந்தவர் பத்தொன்பதாம் வண்டியைத் தொட்டது லாக்கில் பதிவாகியுள்ளது. காரணம்: பயனர் பிழை.' லாக் என்பது யார் எந்த நொடியில் எதைத் தொட்டார் என்று கணினி தானாக எழுதிவைக்கும் பதிவு.

பயனர் பிழை! அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. பதினாறு வருடத்தில் எத்தனை தாளில் அதைப் பார்த்திருக்கிறாள்! சரக்குக் கிடங்கில் கால் நசுங்கியவர் பயனர். ஆய்வகத்தில் குப்பியை மாற்றி வைத்தவர் பயனர். திரையை வரைந்தவர், வாங்கியவர், விற்றவர், கைதட்டியவர் யாரும் பிழை செய்வதில்லை. கடைசியாக எவர் விரல் பட்டதோ அவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

"இருபத்திரண்டு வருஷம் தப்பாம செஞ்சவங்களுக்கு, நம்ம திரை வந்த நாலாம் மாசம் கை கோணிடுச்சா சார்?"

"லாக் பொய் சொல்லாதும்மா."

"லாக் விரலைப் பத்தித்தான் சொல்லும். அவங்க எந்த வண்டியைப் பார்த்துக் கையை நீட்டினாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்?"

கிளீன் சார் குரலை உயர்த்துகிறவர் இல்லை. தாளின் ஓரத்தை மேசை விளிம்புக்கு நேராக ஒழுங்குபடுத்தினார். "உங்க கையெழுத்து ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்குல்ல? நாலாவது மீட்டிங். அதை யாரும் தோண்டாம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது. முக்கியமா உங்களுக்கு."

அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கதவை அறையவில்லை, அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அறைய முடியாததற்கும் சேர்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது.

நேராக நிரல் எழுதுபவரிடம் போனாள். வாயைத் திறக்கவே கஞ்சத்தனம் பார்க்கிற மனிதர். "விசாரணைக்கு மூணாவது இருக்கையோட லாக்கை மட்டும் அனுப்பியிருக்காங்க. எனக்கு எட்டு இருக்கையோடதும் வேணும்" என்றாள்.

அவர் எடுத்து, நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அச்சிட்டு, இரண்டு வரிக்கு நடுவில் பேனாவை வைத்தார். ஐந்தாம் இருக்கையில் இருந்தவர் வேறொரு அழைப்புக்காக மூன்றாம் வண்டியைத் தொட்டிருக்கிறார். அதற்கு அடுத்த வரி அக்காவுடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு நொடியில் பாதிகூட இல்லை.

கடுகுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நேரத்தில் மூன்றாம் வண்டிதான் முதல் வரி. அது கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றதால் அக்கா அதை விட்டுவிட்டு இரண்டாம் வரியில் இருந்த ஏழாம் வண்டியை முடிவு செய்திருக்கிறார். விரல் கிளம்பிவிட்டது. அதற்குள் ஐந்தாம் இருக்கைக்காரர் மூன்றாம் வண்டியை எடுக்க, முதல் வரி மறைந்து, பட்டியல் முழுவதும் ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. ஏழு முதல் வரிக்குப் போயிற்று. மூன்றாம் வரியில் இருந்த பத்தொன்பது, அழகாக வழுக்கிக்கொண்டு வந்து, அக்காவின் விரலுக்குக் கீழே நின்றது. தொட்ட மாத்திரத்தில் அந்த வரியும் திரையிலிருந்து மறைந்துவிடும். டிரைவருக்குச் செய்தி தானாகப் போய்விடும். கிளீனாக இருக்க வேண்டும் அல்லவா? என்ன தொட்டோம் என்று பார்ப்பதற்குக்கூட அக்காவுக்கு எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

நிரல்காரர் அன்றைக்கு வாய் திறந்து ஒன்றே ஒன்று சொன்னார். "நீங்க அப்பவே சொன்னீங்க."

"சொல்லிட்டுக் கையெழுத்தும் போட்டேன்" என்றாள் கடுகு. முதன்முதலாக ஒருவரிடம் அதைச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக்கொண்டே, "அந்தப் பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கையெழுத்தையும் சேர்த்து. அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுச்சுன்னா, உள்ள இருந்தவர் தப்பான பட்டனை அமுக்கிட்டார்னு எழுதி வச்சுட்டு நான் வீட்டுக்கு வர முடியுமா? சட்டையைப் பிடிச்சிருவாங்க."

"நானும் சொல்லத்தான் போறேன். சொன்னா வேலை போனாலும் போயிடும்ங்க."

"போனா போகட்டும்னு வீரமெல்லாம் நான் பேச மாட்டேன். கஷ்டம்தான். ஆனா நீ அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்னா இந்த வீட்ல உன்னோட ஒருத்தரும் குடியிருக்க முடியாது. இப்பவே முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு அழுகையும் வந்துவிட்டது.

மறுநாள் கணீர் அக்கா வீட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடி, நீளமான நடை, துவைத்த துணி காயும் கொடி. கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. "வாம்மா" என்றார். அந்தக் குரலா இது? பக்கத்தில் நின்றவளுக்கே எட்டவில்லை.

"நீயும் கேக்கத்தான் வந்தியா? எல்லாருக்கும் சொன்னதுதான். நான்தாம்மா தொட்டேன். என் விரல்தானே? கேட் மூடியிருக்குன்னு தெரியும், ஏழுதான்னு மனசுல முடிவும் பண்ணிட்டேன். அப்புறம் எப்படிக் கை மாறிப் போச்சுன்னு தெரியல. வயசாயிடுச்சு போல. கண்ணு டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்துட்டேன்."

கடுகுக்கு அங்கேயே எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. எந்த ஊரிலும், எந்தத் திரை முன்னாலும், இவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் தெரியல, என் கைதான் சரியில்ல, எனக்கு வயசாயிடுச்சு. செய்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

"உங்க கை மாறலக்கா. லிஸ்ட் மாறுச்சு" என்று அச்சிட்ட தாளை விரித்து, பேனாவால் காட்டினாள். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். விரல் வைத்து அந்த இரண்டு நேரத்தையும் படித்தார்.

"அப்போ நான் ஏழாம் வண்டியைத்தான்…"

"ஏழாம் வண்டியைத்தான் தொடப் போனீங்க."

அக்கா தாளை மடிமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கடுகு மீதியையும் சொல்லிவிட்டாள். இப்படி நடக்கும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றாள். மூன்று முறை வேண்டாம் என்றதையும், நான்காம் முறை கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள். மகளுக்குக் காய்ச்சல் என்பதைச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

அப்போதுதான் பழைய குரல் வெளியே வந்தது.

"தெரியுமா? தெரிஞ்சேவா? எட்டு நாள் என் பின்னாடி உக்காந்திருந்தே! டீ ஊத்திக் குடுத்தேனே உனக்கு! மூணு வாரமா அந்தத் தையல்காரர் சம்சாரத்தோட குரல் என் காதை விட்டுப் போகல. ஒருத்தர் கையை நான் எடுத்துட்டேன்னு நினைச்சு நினைச்சு… நீ வீட்ல இருந்துட்டு இன்னைக்கு வந்து சொல்றியா?"

"தப்புதான்க்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் அழுதா உனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்னா? போ. போய் அங்க சொல்லு. அந்த அறையில சொல்லு." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடுகு தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினாள். அக்காவின் கோபத்தில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் விசாரணை அதிகாரி, ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் கிளீன் சார். கடுகு ஒரு தொடுதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் வைத்தாள். பயிற்சிக்கு வைத்திருந்த திரை. நிரல்காரர் இன்னொன்றோடு மூலையில் உட்கார்ந்தார்.

"இது எதுக்கு? கருத்தைச் சொன்னா போதுமே" என்றார் அதிகாரி.

"ஒரு நிமிஷம் சார். நீங்கதான் மூணாவது இருக்கை. ரெண்டாவது வரியில ஏழுன்னு இருக்கு பாருங்க. அதைத்தான் அனுப்பணும். நான் ஒரு முகவரி சொல்றேன், அதை எழுதிக்கிட்டே தொடுங்க."

அதிகாரி ஒரு சின்னச் சிரிப்போடு பேனாவை எடுத்தார். அவள் முகவரியை வேகமாகச் சொன்னாள். அவர் எழுதினார், கையை நீட்டினார், தொட்டார். மூலையில் நிரல்காரர் ஐந்தாம் இருக்கையாக முதல் வரியைத் தொட்டார். முதல் தடவை ஏழாம் வண்டிதான் போயிற்று. கிளீன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இன்னொரு தடவை சார்" என்றாள். அதுவும் தப்பவில்லை. அவளுக்குக் காது சூடாயிற்று. மூன்றாம் தடவை தொட்டதும் அவள் கேட்டாள்: "எந்த வண்டியை அனுப்பினீங்க?"

"ஏழு."

லாக்கைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது.

"நான் ஏழாம் வண்டியைத்தான்மா தொட்டேன்!" என்றார் அதிகாரி. முகம் சிவந்துவிட்டது.

"இல்ல சார். லாக்ல பத்தொன்பதுன்னு இருக்கு. லாக் பொய் சொல்லாது. இது பயனர் பிழை" என்று கையிலிருந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். "இதைத்தான் அவங்க மேல எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இப்போ உங்க மேலயும் எழுதிடலாம். மூணு தடவைல ஒரு தடவைதானேன்னு நினைக்காதீங்க. அந்த அறையில ஒரு நாளைக்கு இருநூறு தடவை தொடறாங்க."

பிறகு கிளீன் சார் தன் கோப்பைத் திறந்து, நான்காம் கூட்டத்துத் தாளை எடுத்து நீட்டினார். "வருத்தமான விஷயம்தான். ஆனா இந்த வடிவமைப்பை ஏத்துக்கிட்டது இவங்கதான். கையெழுத்து இருக்கு."

"ஆமா, என் கையெழுத்துதான்" என்றாள் கடுகு. "தப்பு வரும்னு தெரிஞ்சு போட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா அதுக்கு மேல இன்னொரு கையெழுத்து இருக்கு, அது யாருதுன்னும் படிங்க சார். அதுக்கு முந்தின மூணு கூட்டத்துல நான் எழுதிக் குடுத்ததையும் வரவழைச்சுப் பாருங்க. அந்த அறையில எட்டு நாள் உக்காந்தா எவருக்கும் தெரியும். இவர் எட்டு நிமிஷம் உக்காந்ததில்ல!" அக்கா ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அக்காமேல் தவறில்லை, உடனே வேலைக்குத் திரும்பலாம். பட்டியல் நகர்வதை நிறுத்த வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'வடிவமைப்பாளர் பிழை' என்று எழுதியிருந்தார்கள். சொல் ஒன்று மாறியிருந்தது, அவ்வளவுதான். நிறுவனத்தில் கடுகுக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. கிளீன் சாருக்கு ஒரு கறையும் படவில்லை. அவர் வேறொரு தயாரிப்புக்குத் தலைமையாகப் போனார். கேள்விப்பட்ட அன்று அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மாமியார் பேத்தியை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பட்டியலை நிறுத்திவைக்கும் வேலையை நிரல்காரர் செய்து முடித்தார். காலையில் உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்துவிட்டார். அரை நாள்கூட ஆகவில்லை. அதைக் கேட்டபோது கடுகுக்குத் திட்டக்கூட வரவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம், புதுத் திரை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். கேட்காமல் நாற்காலி போட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அக்கா திரும்பாமலே காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். டீ ஊற்றவில்லை.

அழைப்பு வந்தது. "பதறாதீங்க. தெரு பேர் சொல்லுங்க." குரல் திரும்பிவிட்டிருந்தது. அக்கா வண்டியைப் பார்த்தார், முகவரிக்குப் போனார், கையை நீட்டினார். விரல் வரிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது. கண் முகவரியை விட்டுத் திரும்பி வந்து எண்ணைப் படித்தது. உதடு அசைந்தது. பிறகு தொட்டார். தொட்ட பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அழைப்பிலும் அதேபோல. அதற்கடுத்ததிலும்.

கடுகு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மூன்று நொடி.

"அக்கா, இப்போ லிஸ்ட் நகராது. பூட்டியாச்சு. நீங்க பழையபடி தொடலாம்."

"தெரியும்மா. நூறு தடவை பார்த்துட்டேன், அசையறதே இல்ல." அக்கா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். "எனக்குத் தெரியுது. என் கைதான் நம்ப மாட்டேங்குது. அதுக்கு ஏதாவது வரைஞ்சு குடுப்பியா?"

கடுகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். எழுத ஒன்றும் இல்லை. அடுத்த அழைப்பு வந்தது, அக்கா எடுத்தார்.